ஃப்ருவாசாரின் யுத்த சரித்திரத்தை ரசிப்பது எப்படி?

பதினான்காம் நூற்றாண்டில் இங்கிலாந்தும் பிரான்ஸும் பொருத நெடும்போரின் விருத்தாந்தத்தை எழுதிவைத்த ழான் ஃப்ருவாசார் ஒரு பாதிரியார். ஆயினும் பிரபுக்களின் சபைகளிலே விருந்துண்டு, முன்னோர் எழுதிய ஏட்டையும் வீரர்களின் வாய்மொழியையும் கலந்து சரித்திரம் செய்தவர் ஆதலால், சாட்சியை மடக்கும் வக்கீலைப்போல அவரை அணுகுகிறவர்கள் வெறுங்கையோடு திரும்ப நேரும். படைகளின் தொகையில் அவர் தவறலாம். ஒரு வீரன் எதைப் பெருமையென்று எண்ணினான், எதற்கு நாணினான் என்பதில் தவறுவது அரிது.

1356-ஆம் ஆண்டின் புவாத்தியே யுத்தத்தை முதலில் எடுத்துக்கொள்ளுங்கள். போருக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, கர்தினால் ஒருவர் இரு பாசறைகளுக்கும் இடையே குதிரையேறி அலைந்து, அன்றைக்கு மட்டும் போரை நிறுத்தி வைக்கிறார். அந்த ஓய்விலே, எதிரிப் படையை நோட்டமிடச் சென்ற ஆங்கில வீரர் ஜான் சாண்டோஸும் பிரெஞ்சுத் தளபதி கிளேர்மோனும் எதிர்ப்படுகிறார்கள். சூரிய கிரணங்களின் நடுவே நீல மாதொருத்தி நிற்கும் ஒரே சின்னம் இருவர் உடையிலும் தைக்கப்பட்டிருக்கிறது. கன்னி மரியாளின் உருவமென்றே பலரும் கொள்வர். தேவமாதாவின் பக்தர் இருவர் சந்தித்தோமென்று மகிழ வேண்டிய இடத்தில், அந்தச் சின்னம் யாருக்கு உரியது என்று சச்சரவு மூள்கிறது. போர் நிறுத்த நாளாதலால் வாள் உறையிலேயே கிடக்கிறது. மறுநாள் கிளேர்மோன் களத்தில் மடிகிறார். இதைப் படித்து நகைப்பவர் உண்டு. எனக்கு நகைப்பு வரவில்லை. பக்தி எங்கே முடிந்து மானம் எங்கே தொடங்குகிறதென்று அவர்களாலேயே பிரித்துச் சொல்லியிருக்க முடியாது.

அதே களத்தில், சேன் தெனி மடாலயத்தின் புனிதக் கொடியை ஏந்தியபடி மாண்ட ஜெஃப்ருவா த ஷார்னியையும் கவனியுங்கள். வீரதர்மத்தைப் பற்றி நூலே இயற்றியவர். இன்று துரீன் நகரில் போற்றப்படும் சவச்சீலை முதன்முதலாகச் சரித்திரத்தில் தென்படுவதும் இவர் குடும்பத்தாரிடந்தான். இத்தகையவரே சில ஆண்டுகளுக்கு முன், காலே கோட்டையைக் காவலனுக்குப் பணம் கொடுத்துக் கைப்பற்றப் பார்த்து அகப்பட்டுக்கொண்டவர்!

யுத்தம் முடிந்த இரவிலே, சிறைப்பட்ட பிரெஞ்சு மன்னர் ழானுக்கு, வென்ற இளவரசர் எட்வர்ட் தாமே நின்று பணிவிடை செய்யும் விருந்துக் காட்சி மிகப் பிரசித்தம். அதன் நேர்த்தியை மனமார அனுபவியுங்கள். கூடவே, பின்னர் அம்மன்னரின் விடுதலைக்கு 30 லட்சம் பொற்காசுகள் விலையாகப் பேசப்பட்டதையும், மீட்புப்பணம் கொடுக்க வழியற்ற சாமானிய வில்லாளிக்கு அத்தகைய உபசாரம் கிட்டாது என்பதையும் நினைவில் வையுங்கள். அதற்காக எல்லாம் நாடகமென்று தள்ளிவிடவும் முடியாது: பிணையாக நின்ற மகன் வாக்குத் தவறி ஓடிவிட்டபோது, ழான் தாமாகவே லண்டனுக்குத் திரும்பிச் சென்று, 1364-இல் அங்கேயே இறந்தார்.

இவ்வளவும் படித்த பின், 1370-ஆம் ஆண்டில் லிமோஜ் நகரம் பிடிபட்ட அத்தியாயத்துக்குப் போங்கள். விருந்திலே பணிவிடை செய்த அதே இளவரசரின் ஆணையால் ஆண், பெண், குழந்தை என்ற பேதமின்றி 3,000 பேருக்கு மேல் வெட்டுண்டதாக ஃப்ருவாசார் எழுதுகிறார். அந்தத் தொகையைப் பிற்காலச் சரித்திரக்காரர்கள் ஒப்புவதில்லை. ஆனால் இளவரசரின் புகழைப் பக்கம் பக்கமாகப் பாடியவர், அங்கே மாண்ட ஏழைகளுக்காக இரங்கும் இரக்கம் மெய்யானது. புவாத்தியேயோடு மட்டும் நூலை மூடிவிடாதீர்கள்.