இளவேனிலுக்கு ஓர் இசைத்தட்டு

இளவேனிலில் நாம் விரும்பிக் கேட்கும் இசைத்தட்டுகளுள் 1967-இல் வெளிவந்த 'கால் ஆஃப் த வேலி' தலையாயது. காஷ்மீரத்து இடையன் ஒருவனின் ஒரு நாளை, வைகறையின் ஆஹிர் பைரவ் முதல் இரவின் பஹாடி வரை, சொல்லின்றியே அது சித்திரிக்கிறது. சிவகுமார் சர்மாவின் சந்தூர், ஹரிபிரசாத் சௌராசியாவின் குழல், பிரிஜ் பூஷண் காப்ராவின் கித்தார் ஆகிய மூன்றும் ஒன்றையொன்று விஞ்ச முனையவில்லை; அதுவே இதன் சிறப்பு. துளித்துளியாய் உதிரும் சந்தூரொலி பனியுருகும் பருவத்தையே கண்முன் நிறுத்துகிறது.

கதைக்காக இராகங்களைச் சுருக்கிவிட்டனர் என்னும் குறையை நாம் மறுப்பதற்கில்லை. பூப் விரியுமுன்னே முடிந்துவிடுகிறது. ஆயினும், இழைந்தொலிக்க இயலாத கருவியென்று சாத்திரிய இசையுலகு ஐயுற்ற சந்தூரை இல்லந்தோறும் சேர்த்ததில் இத்தட்டுக்குப் பெரும் பங்குண்டு. காஷ்மீரத்துச் சூஃபியானா இசையில் முஸ்லிம் கலைக்குடும்பங்கள் வழிவழியாகப் பேணிய கருவி அது. புகுந்த வீட்டின் புகழைப் பாடும் நாம், பிறந்த வீட்டை மறத்தல் தகுமோ?