ஒப்புக்கொண்டவர் யார்?

பிரிட்டனில் கட்டடங்களின் தீ எச்சரிக்கை அமைப்புக்கு வழிகாட்டுவது பி.எஸ். 5839 பகுதி 1. அது சட்டமல்ல, பரிந்துரைத் தொகுப்பு. ஆகவே விலகவும் அதிலேயே வழி உண்டு: தெரிந்தே விலக வேண்டும், சம்பந்தப்பட்டவர்கள் ஒப்புக்கொள்ள வேண்டும், சான்றிதழில் பதிய வேண்டும். இவை இல்லாவிட்டால் அதற்குப் பெயர் விலகல் அல்ல, பிழை.

ஏற்பாடு நியாயமானதுதான். தட்டையான கூரையில் எந்த இடமும் ஒரு புகை உணர்வியிலிருந்து 7.5 மீட்டருக்கு மேல் தள்ளியிருக்கக் கூடாது என்கிறது தரநிலை. பழைய மாளிகையின் சுதை வேலைப்பாட்டில் ஓட்டை போடாமல் இருக்க உணர்வியை ஒரு சாண் நகர்த்தினால், கூடத்தின் மூலை 7.7 மீட்டராகிவிடும். புகைக்கு அந்த வித்தியாசம் தெரியாது. அங்கே அடம்பிடிக்கும் ஆய்வாளருக்கு டேப்பைத்தான் தெரியும், நெருப்பைத் தெரியாது.

ஆனால் எல்லா விலகலையும் டேப்பால் அளக்க முடியாது. 2004 ஜனவரி 31 விடியற்காலை, ஸ்காட்லாந்தின் ரோஸ்பார்க் முதியோர் இல்லத்தில் மணி அடித்தது. உணர்வி தன் வேலையைச் செய்துவிட்டது. எச்சரிக்கைப் பேனல் காட்டிய ஸோன் கட்டடத்தின் எந்தப் பகுதி என்பதில் ஊழியர்கள் குழம்பி, நெருப்பில்லாத இடத்தில் தேடினார்கள். தீயணைப்புத் துறைக்கு அழைப்பு போக ஏறக்குறைய ஒன்பது நிமிடம் ஆனது. 14 முதியவர்கள் இறந்தார்கள். பேனலுக்குப் பக்கத்தில் மாட்டும் ஸோன் வரைபடம், செலவுக் கணக்கில் ஒரு சில்லறை. அது இல்லாததை “சிறு விலகல்” என்று எழுதிவிடுவது எவ்வளவு எளிது!

தரநிலையின் 2025 பதிப்பு சில விலகல்களை ஏற்கவே முடியாது என்று பெயர் சொல்லி ஒதுக்கியது. மக்கள் உறங்கும், பல ஸோன்கள் கொண்ட கட்டடத்தில் வரைபடம் இல்லாதது அவற்றில் ஒன்று. சரியான முடிவு, தாமதமான முடிவும்கூட. ஆனாலும் எனக்கு அது போதவில்லை. பட்டியலில் இல்லாததெல்லாம் பேரத்துக்கு உரியது என்று ஒப்பந்தக்காரர் வாசிப்பார். பேரம் பேசுவது வடிவமைப்பவரும் உரிமையாளரும். சில சமயம் காப்பீட்டுக்காரர். மாடியறையில் தூங்கும் பாட்டி அந்த மேசையில் இல்லை. “வாடிக்கையாளர் சம்மதித்தபடி” என்ற ஒற்றை வரியோடு வரும் சான்றிதழை நான் செல்லாது என்பேன். விலகலால் ஆபத்து யார் தலையில் விழுகிறது, அதை ஈடுகட்ட என்ன செய்தோம் என்ற இரண்டும் அதில் இருக்க வேண்டும். மாளிகைக்காரர் இதை இரண்டே வரியில் எழுதிவிடுவார். வரைபடம் மாட்டாதவர் என்ன எழுதுவார்?