அவரைக்குச் சாம்பல்

அவரைப் பந்தல் பூ விடும் பருவத்தில் கொழுந்திலும் காம்பிலும் கருப்பாக மொய்ப்பது அசுவினி. சாற்றை உறிஞ்சிக் கொழுந்தைச் சுருளச் செய்துவிடும். அதன் உடலிலிருந்து கசியும் இனிப்பு நீருக்காக எறும்புகள் காவல் நிற்பதால், கொடியில் ஏறும் எறும்புச் சாரியே முதல் அடையாளம். இதற்கு வீட்டு வைத்தியம் அடுப்புச் சாம்பல். நன்கு சலித்து, பனி காயாத விடியற்காலையில், இலையின் அடிப்புறமும் படும்படி தூவ வேண்டும், ஈரம்தான் பசை. பந்தல் திருநீறு பூசியதுபோல் நிற்கும். மென்மையான பூச்சியுடலில் ஒட்டி அதன் நடமாட்டத்தைச் சாம்பல் முடக்குகிறது. மழை பெய்தால் மறுபடி தூவ வேண்டியதுதான். உதிர்வதும் வீணல்ல, மண்ணுக்கு உரமாகும்: பொட்டாஷுக்குத் தமிழில் சாம்பல் சத்து என்றே பெயர். சாம்பல் காரத்தன்மை மிகுந்தது என்பதால் களர் மண்ணில் தவிர்ப்பது நல்லது. விறகுச் சாம்பல் மட்டுமே உகந்தது. பிளாஸ்டிக் கலந்து எரித்த குப்பைச் சாம்பல் ஆகாது.