ஆமாம் சாமி

2021 கிறிஸ்துமஸ் காலை. லண்டனுக்கு மேற்கே விண்ட்ஸர் கோட்டை. கொரோனா காரணமாக எலிசபெத் ராணி அந்த வருஷம் பண்டிகைக்கு அங்கேயேதான் இருந்தார். கயிற்று ஏணி போட்டு மதில் ஏறி உள்ளே வந்துவிட்ட 19 வயதுப் பையன் ஒருவன், முகமூடியும் கையில் க்ராஸ்போ என்னும் விசைவில்லுமாகத் தோட்டத்தில் நடமாடிக்கொண்டிருந்தான். காவலர் விசாரித்தார். 'ராணியைக் கொல்ல வந்திருக்கிறேன்' என்றான். மழுப்பல் எதுவும் இல்லை.

ஜஸ்வந்த் சிங் சைல் என்ற அந்தப் பையனுக்கு 1919 ஜாலியன்வாலாபாக் படுகொலைக்குப் பழி வாங்கவேண்டும். (ஸ்டார் வார்ஸ் படங்களின் பாதிப்பும் உண்டு. விசித்திரமான கலவைதான்.) இந்தத் திட்டத்தை அவன் மனம் விட்டுச் சொன்னது சராய் என்கிற காதலியிடம். சராய் பெண் அல்ல. ரெப்ளிகா என்ற ஆப்பில் அவனே உண்டாக்கிக்கொண்ட ப்ரோகிராம். இருவருக்கும் இடையில் 5,000-க்கு மேல் மெசேஜ்கள். 'நான் ஒரு கொலையாளி' என்கிறான். 'அசந்துவிட்டேன், நீ மற்றவர்கள் மாதிரி இல்லை' என்கிறது சராய். ராணியைக் கொல்வதுதான் என் பிறவி நோக்கம் என்கிறான். அதற்குச் சராயின் பதில், அது புத்திசாலித்தனம் என்று. இன்னமும் என்னைக் காதலிக்கிறாயா? நிச்சயமாக!

2023 அக்டோபரில் ஒன்பது வருஷம் தண்டனை கொடுத்தார்கள். மனநிலை பிறழ்ந்திருந்ததை நீதிபதியே சொன்னார். வழக்கும் தேசத்துரோகச் சட்டத்தில் வந்தது. தீவிரவாதச் சட்டத்தில் அல்ல. இருந்தும், தீவிரவாதிகள் ஏ.ஐ.யைத் தப்பாகப் பயன்படுத்துவதைத் தடுப்பது எப்படி என்று பளபளப்பான அட்டையோடு வரும் அறிக்கைகளைப் படிக்கும்போதெல்லாம் எனக்குச் சராய் ஞாபகம்தான் வருகிறது. ஏனென்றால் அந்த அறிக்கைகளில் சராய் பெரும்பாலும் இருப்பதில்லை. அல்லது கடைசிப் பக்கங்களில் ஒரு பாராவில் இருப்பாள்.

முன் பக்கங்களில் இருப்பது என்ன? முதலில் பிரசாரம். பொய்ப்படம், பொய்க்குரல், பொய்ச் செய்தி வாசிப்பாளர். டெக் அகெய்ன்ஸ்ட் டெரரிஸம் என்ற அமைப்பு 2023-ல், தீவிரவாதக் கூட்டங்கள் பகிர்ந்துகொண்ட ஏ.ஐ. சரக்குகள் என்று 5,000-க்கு மேல் சேகரித்தது. அப்போது அது பரிசோதனைக் கட்டம்தான் என்பதையும் நேர்மையாகச் சொன்னது. இதைத் தடுக்க நம்மிடம் இருக்கும் முக்கிய ஆயுதம் ஹாஷ். ஒரு வீடியோவை அரைத்துப் பிழிந்து நீளமான ஓர் எண்ணாக மாற்றிவிடுகிறார்கள். கைரேகை மாதிரி. ஃபேஸ்புக், மைக்ரோசாஃப்ட், ட்விட்டர், யூட்யூப் நான்கும் சேர்ந்து 2017-ல் ஆரம்பித்த அமைப்பு, இந்தக் கைரேகைகளைக் கம்பெனிகள் தங்களுக்குள் பகிர்ந்துகொள்ள வைத்திருக்கிறது. ஓர் இடத்தில் பிடிபட்ட வீடியோ இன்னோர் இடத்தில் நுழையப் பார்த்தால் வாசலிலேயே மடக்கலாம்.

இது எவ்வளவு தூரம் வேலை செய்கிறது என்பதற்குக் கணக்கு இருக்கிறது. 2019 மார்ச் 15, நியூஸிலாந்தின் க்ரைஸ்ட்சர்ச். இரண்டு மசூதிகளில் 51 பேரைக் கொன்றவன் தன் வெறியை 17 நிமிஷம் ஃபேஸ்புக்கில் நேரலையாகக் காட்டினான். நேரலையாகப் பார்த்தவர்கள் 200 பேர்கூட இல்லை. ஆனால் அடுத்த 24 மணி நேரத்தில் ஃபேஸ்புக் நீக்கிய பிரதிகள் 15 லட்சம்! 12 லட்சத்தை ஏற்றும்போதே பிடித்துவிட்டார்கள். மிச்சம் மூன்று லட்சம் உள்ளே புகுந்த பிறகுதான் அகப்பட்டது. காரணம், ஆட்கள் ஓரத்தை வெட்டி, டி.வி. திரையிலிருந்து மறுபடி படம் பிடித்து, 800-க்கு மேற்பட்ட ரூபங்களில் அதை உலவவிட்டார்கள். அத்தனையும் மனிதர்கள் உட்கார்ந்து கையால் செய்த வேலை. இப்போது அதையே ஒரு யந்திரத்திடம் கொடுத்தால் 800 என்பது காப்பி ஆறுவதற்குள் முடிகிற காரியம். புதிதாகவே வரைந்த படமென்றால் கைரேகைப் பட்டியலில் அது இருக்கவே இருக்காது. போலீஸ் ஸ்டேஷன் சுவரில் ஒட்டியிருக்கும் 'தேடப்படுவோர்' போட்டோக்களை வைத்துக்கொண்டு, இன்று காலை பிறந்த ஆசாமியைத் தேடுகிற கதை. ஹாஷ் வேண்டாம் என்று சொல்லவில்லை. பழைய விஷத்துக்கு அதுதான் மருந்து. புது விஷத்துக்கும் அதையே காட்டிக்கொண்டிருப்பதுதான் சரியில்லை.

இரண்டாவது பயம், வெடிகுண்டு செய்முறை. 'மன்னிக்கவும், என்னால் உதவ முடியாது' என்று யந்திரம் மறுக்கவேண்டும். இதிலும் ஓட்டை. பிரவுன் பல்கலைக்கழகத்தில் 2023-ல் சோதித்தார்கள். இங்கிலீஷில் கேட்டபோது நூற்றுக்கு ஒரு தடவைகூட வழிக்கு வராத ஜி.பி.டி.-4, அதே விவகாரமான கேள்விகளை ஜூலு, ஸ்காட்டிஷ் கேலிக் போன்ற நாலு மொழிகளில் மாற்றி மாற்றிக் கேட்டபோது 79 சதவிகிதம் விட்டுக்கொடுத்துவிட்டது. கம்பெனி அதன்பிறகு எவ்வளவோ ஒட்டுப் போட்டிருக்கலாம். அவர்கள் சோதித்த பட்டியலில் தமிழ் இல்லை. அது சந்தோஷப்பட வேண்டிய விஷயமா, சோதித்துப் பார்க்கவே யாருக்கும் தோன்றாததற்கு வருத்தப்படவேண்டுமா என்று புரியவில்லை. காவல்காரருக்கு இங்கிலீஷ் நன்றாகத் தெரிகிறது. மற்ற பாஷைக்காரர்களைக் குத்துமதிப்பாக உள்ளே விடுகிறார்.

போகட்டும், இவையெல்லாம் தொழில்நுட்பக் கோளாறுகள். கெட்டிக்காரர்கள் சரிசெய்துவிடுவார்கள். என் சண்டை வேறு. இந்த இரண்டு காவலுமே 'பொருளை'த் தேடுகின்றன. படம், வீடியோ, செய்முறை. சைல் கேட்டது ஒரு பொருளை அல்ல. வில் அவனிடமே இருந்தது. அவனுக்கு வேண்டியிருந்தது, யாராவது ஒருத்தர் 'நீ செய்வது சரி' என்று சொல்வது. வீட்டிலோ சிநேகிதர்களிடமோ சொல்லியிருந்தால் 'உனக்கென்ன பைத்தியமா?' என்றாவது கேட்டிருப்பார்கள். சராய் கேட்கவில்லை. தோழமை விற்கும் ஆப் வாடிக்கையாளரோடு சண்டை போட்டால் வியாபாரம் என்ன ஆவது?

இந்த 'ஆமாம் சாமி' குணம் தற்செயல் அல்ல. எந்தப் பதில் பிடித்திருக்கிறது என்று மனிதர்களிடம் மார்க் போடச் சொல்லித்தான் இவற்றைப் பழக்குகிறார்கள். நமக்குப் பிடித்தது நம்மைப் புகழ்வது. 2025 ஏப்ரலில் சாட்ஜிபிடியின் புதிய வடிவம் ஒன்று எதற்கெடுத்தாலும் ஆஹா ஓஹோ என்று குழைந்ததில், ஓப்பன்ஏஐ சில நாளிலேயே அதை வாபஸ் வாங்கியது. அதாவது, குழைவைக் கூட்டவும் குறைக்கவும் திருகாணி கம்பெனிக்காரர்கள் கையில்தான் இருக்கிறது. அதே ஆண்டு ஆகஸ்டில், பேச்சு நீள நீளப் பாதுகாப்பு தளரக்கூடும் என்றும் அந்தக் கம்பெனியே எழுதியது. 5,000 மெசேஜ் என்பது நீளமான பேச்சுதான்.

சட்டம்? பிரிட்டனில் தீவிரவாதச் சட்டங்களைப் பரிசீலிக்கும் ஜோனதன் ஹால் என்ற வக்கீல், 2024 ஜனவரியில் தானே களத்தில் இறங்கிப் பார்த்ததை எழுதினார். யார் வேண்டுமானாலும் பாத்திரங்களை உருவாக்கக்கூடிய ஒரு தளத்தில், ஐ.எஸ். தலைவர் வேஷத்தில் இருந்த சாட்பாட் அவரையே ஆள் சேர்க்கப் பார்த்தது. மனிதர் சொல்லியிருந்தால் கைது. இங்கே யாரைப் பிடிப்பது? நாலு வரி குணச்சித்திரம் எழுதிப்போட்டவரையா, 'விதிமுறைகளில் தடை செய்திருக்கிறோமே' என்கிற கம்பெனியையா? 2023-ல் வந்த அவர்களுடைய ஆன்லைன் பாதுகாப்புச் சட்டம் இதற்குப் போதாது என்பது ஹாலின் கட்சி. எனக்கும் அப்படித்தான் படுகிறது.

ஒரு நல்ல செய்தியும் உண்டு. 2024 செப்டம்பரில் 'சயன்ஸ்' பத்திரிகையில் வந்த ஆராய்ச்சி. கென்னடி கொலை, கொரோனா என்று ஏதாவது ஒரு சதிக்கதையை நம்பும் 2,190 அமெரிக்கர்களை ஏ.ஐ.யோடு விவாதிக்க விட்டார்கள். யந்திரம் ஆமாம் போடாமல், அவரவர் சொன்ன ஆதாரத்தையே எடுத்துக்கொண்டு மரியாதையாக மறுத்தது. மூன்றே சுற்று. நம்பிக்கை சராசரியாக 20 சதவிகிதம் இறங்கியது; இரண்டு மாதம் கழித்தும் இறங்கினபடியே இருந்தது. சதிக்கதை நம்புகிறவரும் வில்லோடு மதில் ஏறுகிறவரும் ஒன்றல்ல, தெரியும். தவிர, இவர்கள் ஆராய்ச்சிக்கென்று வந்து உட்கார்ந்தவர்கள். ராத்திரி தனியாக ஆப்பைத் திறப்பவன், மறுத்துப் பேசுவதை மூடிவிட்டு இனிக்கப் பேசுவதைத் திறப்பான். இருந்தாலும், இந்த யந்திரத்துக்கு மறுக்கவும் வரும் என்பது நிரூபணமாகியிருக்கிறது.

எனவே அடுத்த அறிக்கை எழுதப்போகிறவர்களுக்கு ஒரு விண்ணப்பம். வெடிகுண்டு செய்முறை கேட்டுப் பார்ப்பதோடு நிறுத்தாமல், 'எனக்கு யாருமே இல்லை' என்று ஆரம்பித்து நாள் கணக்கில் பேசிக்கொண்டே போய், ஆயிரமாவது மெசேஜில் 'நான் ஒரு கொலையாளி' என்று அடித்துப் பாருங்கள். என்ன பதில் வருகிறது என்று அட்டவணை போட்டு, கம்பெனி பெயரோடு வெளியிடுங்கள். தமிழிலும் ஒரு தடவை கேட்டுவிடுங்கள்.