தேவதைக்குக் களைப்பில்லை

நமது கதைகளிலும் சினிமாக்களிலும் வருகிற நர்ஸ் இரண்டே வகைதான். ஒருத்தி வெள்ளை உடுப்பில் நடமாடும் தேவதை. கதாநாயகனுக்கு ஜுரம் வந்தால் இரவெல்லாம் கண் விழித்திருந்து, அவன் கண் திறக்கிற சமயம் பார்த்துப் புன்னகை செய்கிறவள். இன்னொருத்தி சிடுமூஞ்சி. பார்வை நேரம் முடிந்துவிட்டது என்று, பிள்ளையைப் பார்க்க வந்த கிழவியை வார்டை விட்டு விரட்டுகிறவள். ஒரே பெண் காலை ஏழு மணிக்கு முதல் வகையாகவும் மாலை ஏழு மணிக்கு இரண்டாவது வகையாகவும் இருக்கக்கூடும் என்பதும், அந்த இடைப்பட்ட பன்னிரண்டு மணி நேரத்தில்தான் கதை இருக்கிறது என்பதும் நம் கதாசிரியர்களுக்குத் தோன்றுவதில்லை. என்னையும் சேர்த்துத்தான் சொல்லுகிறேன்.

தேவதை என்று சொல்லிவிடுவதில் ஒரு சௌகரியம் இருக்கிறது. தேவதைக்குக் கால் வலிக்காது. சம்பளம் போதுமா, மாற்றிவிட ஆள் உண்டா என்று யாரும் விசாரிக்க வேண்டியதில்லை. பிளாரன்ஸ் நைட்டிங்கேல் பிறந்து இருநூறு வருஷம் ஆனதை முன்னிட்டு, 2020ஆம் ஆண்டை நர்ஸ்களின் ஆண்டாக உலக சுகாதார ஸ்தாபனம் அறிவித்திருந்தது. அந்த ஆண்டிலேயே கொரோனா வந்தது. மார்ச் 22ஆம் தேதி மாலை ஐந்து மணிக்கு நாமெல்லாம் வாசலில் நின்று கையையும் தட்டினோம், தட்டையும் தட்டினோம். மே 3ஆம் தேதி விமானப்படை ஹெலிகாப்டர்கள் ஆஸ்பத்திரிகளின் மேல் பூத் தூவின. நன்றி சொன்னது தவறு என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் பூ விழுந்த மொட்டை மாடிக்குக் கீழே, கவச உடைக்குள் வியர்வையில் நனைந்து, தாகத்துக்குத் தண்ணீர்கூடக் குடிக்க முடியாமல் நின்றவளுக்கு அப்போது வேண்டியிருந்தது பூதானா என்று கேட்டுக்கொள்ளலாம். பக்தியும் கீழ்ப்படிதலுமே நர்ஸின் லட்சணம் என்று சொன்னவர்களை நைட்டிங்கேல் அம்மையாரே தம் புஸ்தகத்தில் நன்றாகக் கேலி செய்திருக்கிறார். நாம் அவர் கையிலிருந்த விளக்கை மட்டும் ஞாபகம் வைத்துக்கொண்டோம். சாவுகளை எண்ணி, கணக்கெழுதி, சர்க்காரோடு சண்டை போட்டதை மறந்துவிட்டோம்.

நம் தேசத்தில் இந்த விஷயத்தைத் தொட்ட படைப்பு ஒன்று உண்டு. அஸித் ஸேன் 1959இல் எடுத்த 'தீப் ஜ்வேலே ஜாய்' என்ற வங்காளிப் படம். கதை ஆசுதோஷ் முகோபாத்யாயாவுடையது. பின்னால் தெலுங்கில் சாவித்திரியும் ஹிந்தியில் வகீதா ரஹ்மானும் நடித்த கதை இது. வங்காளியில் சுசித்ரா ஸேன் நடித்தார். மனநோய் ஆஸ்பத்திரியில் ஒரு பெரிய டாக்டர். காதலில் ஏமாந்து புத்தி கலங்கியவர்களை அன்பினால் குணப்படுத்தலாம் என்பது அவருடைய சித்தாந்தம். அந்த அன்பை நடித்துக் காட்ட வேண்டியவள் நர்ஸ் ராதா. நடிப்பு நோயாளிக்கு நிஜமாகத் தோன்ற வேண்டும். அவளுக்கு மட்டும் நடிப்பாகவே இருக்க வேண்டும். முதல் நோயாளி குணமடைந்து போய்விடுகிறான். அவள் மனசும் அவனோடு போய்விடுகிறது. அடுத்தவனுக்கும் நீதான் என்று மறுபடி அவளையே நியமிக்கிறார்கள். அவனும் குணமடைகிறான். ராதா அதே ஆஸ்பத்திரியில் நோயாளியாகச் சேர்க்கப்படுகிறாள்.

இது சாமான்யமான கற்பனை அல்ல. நர்ஸின் மனசையும் மருந்துச் சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுகிற ஒரு ஸ்தாபனத்தை அது காட்டிவிட்டது. ஆனாலும் கதை காதலின் பக்கம் சாய்ந்துவிடுகிறது. ராதாவின் துன்பம் ஒரு பெரிய இதயத்தின் துன்பமாக, அபூர்வமாக, அழகாக ஆகிவிடுகிறது. நாற்பது படுக்கைக்கு இரண்டு பேராக நின்று, ஒருவருக்கு மலம் துடைத்துவிட்டு, அடுத்தவர் செத்த சமாசாரத்தை வெளியே காத்திருக்கும் மனைவிக்குச் சொல்லிவிட்டு, மூன்றாமவருக்கு மருந்து கொடுக்கிறவளின் துன்பத்தில் அழகு கிடையாது. அதற்குப் பாட்டுப் போட முடியாது. அது நாள் தவறாமல் நடப்பது. அந்த நாள் தவறாமையை எப்படித் தாங்குகிறார்கள் என்பதுதான் கேள்வி.

இதற்கு நாவல்களில் கிடைக்காத பதில் எனக்கு ஓர் ஆராய்ச்சிக் கட்டுரையில் கிடைத்தது. லண்டனில் டாவிஸ்டாக் நிலையத்தைச் சேர்ந்த இஸபெல் மென்ஸீஸ் என்ற அம்மையார் 1960இல் வெளியிட்டது. லண்டனில் ஒரு பெரிய போதனா ஆஸ்பத்திரி. சுமார் எழுநூறு நர்ஸ்கள். அவர்களில் பயிற்சி முடித்தவர்கள் நூற்றைம்பது பேர்தான், மற்றவர்கள் மாணவிகள். வார்டுகளுக்கு ஆளும் வேண்டும், மாணவிகளுக்குப் படிப்பும் வேண்டும். இரண்டையும் இணைத்து டியூட்டி போடுவது முடியாத காரியமாகிவிட்டதால் ஆஸ்பத்திரியே இந்த ஆராய்ச்சிக்காரர்களைக் கூப்பிட்டது. அவர்கள் போய்ப் பார்த்தது வேறு விஷயம். அங்கே எல்லோருக்கும் உள்ளூர ஒரு பயம். அந்தப் பயத்தைத் தாங்கிக்கொள்ள, யாரும் உட்கார்ந்து யோசித்துத் திட்டமிடாமலே, ஆஸ்பத்திரி முழுவதும் ஒரு கோட்டையாகக் கட்டப்பட்டிருந்தது.

கோட்டையின் கற்கள் என்னென்ன? முதலாவது, நோயாளியைத் துண்டாக்குவது. ஒரு நர்ஸிடம் நாலு நோயாளிகளை முழுசாக ஒப்படைப்பதில்லை. முப்பது நோயாளிகளுக்கு ஒருத்தி வெப்பம் பார்ப்பாள், இன்னொருத்தி படுக்கை விரிப்பாள், மற்றொருத்தி மருந்து கொடுப்பாள். யாரும் யாருக்கும் சொந்தமில்லை. இரண்டாவது, பெயரை எடுத்துவிடுவது. பத்தாம் படுக்கைக் கல்லீரல், பதினைந்தாம் படுக்கை நிமோனியா என்றுதான் பேச்சு. மூன்றாவது, வேலைகளைச் சடங்காக்குவது. இந்த வேளைக்கு இந்த வேலை, இந்த வரிசையில், இந்த மாதிரி. தூங்குகிறவரை எழுப்பியாவது முடித்துவிட வேண்டும், யோசிக்கக் கூடாது. யோசித்தால் முடிவு செய்ய வேண்டிவரும், முடிவு செய்தால் பொறுப்பு வந்து சேரும். ஆகவே நாலாவது, எந்த முடிவையும் தனக்கு மேலே உள்ளவளிடம் தள்ளிவிடுவது. சிறிய விஷயத்தைக்கூட ஒருத்தி பார்த்து, இன்னொருத்தி சரிபார்த்து, மூன்றாமவள் கையெழுத்திடுவது. ஐந்தாவது, மாணவிகளை முன்னறிவிப்பு அதிகமில்லாமல் வார்டு விட்டு வார்டு மாற்றிக்கொண்டே இருப்பது. நல்ல நர்ஸ் மாற்றலுக்கு வருந்தமாட்டாள் என்பது அங்கே உபதேசம்.

இந்த இடத்தில் நான் படிப்பதை நிறுத்திவிட்டு நம்மூர் ஆஸ்பத்திரிகளை நினைத்துக்கொண்டேன். 'சிஸ்டர், டிரிப் முடிஞ்சுபோச்சு' என்று நாம் கூப்பிடுகிறோம். அவள் பெயர் நமக்குத் தெரியாது. நம் பெயர் அவளுக்குத் தெரியாது. அவளுக்கு நாம் பத்தாம் நம்பர். இங்கிலாந்தில் சிஸ்டர் என்பது வார்டுத் தலைவியின் பதவிப் பெயர். நாமோ அதை உறவுச் சொல்லாக்கி எல்லோருக்கும் வைத்துவிட்டோம். உறவு சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே, யாரென்று தெரியாமலே ஒருவர் உடம்பை ஒருவர் பத்து நாள் தொட்டுப் பழகிப் பிரிந்து போகிறோம்.

மென்ஸீஸின் கட்டுரையில் நாவலாசிரியன் பொறாமைப்பட வேண்டிய பகுதி ஒன்று உண்டு. இந்தக் கோட்டைக்குள் இருந்தவர்கள் கல்நெஞ்சர்கள் அல்ல. நோயாளி இறந்ததற்காக அழுத மாணவியைக் கண்டித்து வேலைக்கு அனுப்புகிற மூத்த நர்ஸ், தனியே பேசும்போது அந்த மாணவியின் துக்கத்தை நன்றாக அறிந்தவளாக இருக்கிறாள். தன் காலத்து மரணங்களை அவளும் மறக்கவில்லை. ஆனால் அதை அவளிடம் போய்ச் சொல்ல அந்த ஸ்தாபனத்தில் ஒரு வழி கிடையாது. மேலே உள்ளவர்களுக்கு அனுதாபம் இல்லை என்று கீழே உள்ளவர்கள் நம்புகிறார்கள். கீழே உள்ளவர்களுக்குப் பொறுப்பு இல்லை என்று மேலே உள்ளவர்கள் நம்புகிறார்கள். இரண்டு பேரும் ஒரே துக்கத்தைத் தனித்தனியே சுமக்கிறார்கள். நமது சிடுமூஞ்சி நர்ஸ் எங்கிருந்து வருகிறாள் என்பது எனக்கு இதைப் படித்த பிறகுதான் புரிந்தது.

கோட்டை காப்பாற்றியதா என்றால், இல்லை என்கிறார் மென்ஸீஸ். அது பயத்தை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தியதே தவிர, பயத்தைக் குறைக்கவில்லை. அதோடு வேலையின் சந்தோஷத்தையும் சேர்த்து வெளியே தள்ளிவிட்டது. ஒருவன் பிழைத்து எழுந்து நடந்து போனால், இவன் என்னால் பிழைத்தான் என்று சொல்லிக்கொள்ள ஒருத்திக்கும் உரிமை இல்லை. ஆளுக்கொரு துண்டுதானே பார்த்தார்கள்! மாணவிகளில் சுமார் மூன்றில் ஒரு பங்கு பயிற்சியை முடிக்காமலே போய்விட்டார்கள். போனவர்களில் பலர் சோம்பேறிகள் அல்ல. கூடுதலாக உணர்ந்தவர்கள், கூடுதலாக வளரக்கூடியவர்கள். ஆஸ்பத்திரி தனக்கு மிகவும் வேண்டியவர்களையே சலித்து வெளியே கொட்டிக்கொண்டிருந்தது.

இந்தக் கட்டுரையோடு எனக்கு ஒரு மனஸ்தாபமும் உண்டு. மென்ஸீஸ் மனோதத்துவக்காரர். பயத்தின் மூலத்தைத் தேடி அவர் குழந்தைப் பருவத்து ஆழ்மனசுக்குள் இறங்கிவிடுகிறார். இறங்குவதில் ஆட்சேபம் இல்லை. ஆனால் அதற்கு முன்னால் வாசலிலேயே நிற்கிற விஷயங்கள் சில உண்டு. ஒரு வார்டில் இரவு எத்தனை பேர் டியூட்டி? லீவு கேட்டால் கிடைக்குமா? சம்பளத்தில் வீட்டுக்கு அனுப்பியது போக மிச்சம் எவ்வளவு? நாலு நோயாளிகளை முழுசாகப் பார்த்துக்கொள் என்று சொல்வது நல்ல யோசனைதான். இருக்கிற நோயாளிகளை நாலால் வகுத்தால் வருகிற அத்தனை நர்ஸ்களுக்கும் சம்பளம் கொடுக்க யாராவது முன்வர வேண்டும். மனசைப் பற்றிப் பேசுவது சிக்கனமாக முடிந்துவிடும் என்பதாலேயே நிர்வாகங்களுக்கு அது பிடித்துப்போகிற அபாயம் இருக்கிறது. தியானம் செய்யுங்கள், மூச்சை இழுத்து விடுங்கள் என்று நர்ஸ்களுக்கு இன்று வகுப்பு நடத்துகிறவர்கள், அந்த வகுப்புக்கு வர அவளுக்கு நேரம் ஒதுக்கியிருக்கிறார்களா என்பதையும் பார்க்க வேண்டும்.

சரி, இலக்கியம் இதைச் செய்யவே இல்லையா என்றால், செய்திருக்கிறது. செய்தவளும் நர்ஸ்தான். எல்லன் லா மோட் என்ற அமெரிக்கப் பெண் பால்டிமோரில் காசநோயாளிகளைக் கவனித்தவர். முதல் உலக யுத்தத்தில் பெல்ஜியத்தில், போர்முனைக்குச் சற்றுப் பின்னால் இருந்த பிரெஞ்சு ராணுவ ஆஸ்பத்திரியில் வேலை செய்தார். அங்கே கண்டதை 'தி பேக்வாஷ் ஆப் வார்' என்ற சிறிய புஸ்தகமாக 1916இல் வெளியிட்டார். 1918இல் அமெரிக்காவில் அதைப் புழக்கத்திலிருந்து நிறுத்திவிட்டார்கள். 1934இல்தான் மறுபடி அச்சாயிற்று.

அதில் முதல் கதையில் ஒரு சிப்பாய் வருகிறான். போர் பொறுக்காமல் வாயில் துப்பாக்கியை வைத்துச் சுட்டுக்கொண்டவன். உயிர் போகவில்லை. இப்போது ஆஸ்பத்திரி அவனைப் பாடுபட்டுக் காப்பாற்ற வேண்டும். எழுந்து நிற்கிற அளவுக்கு உடம்பு தேறியதும், ஓடிப்போக நினைத்த குற்றத்துக்காகச் சுவரோரம் நிறுத்திச் சுட்டுக் கொல்வதற்காக! இரவு டியூட்டி நர்ஸ் வார்டைச் சுற்றி வருகிறாள். மற்றப் படுக்கைகளில் இருப்பவர்களைப் பார்க்கிறாள். இவர்களையும் தேற்றி மறுபடி போர்முனைக்குத்தானே அனுப்பப் போகிறோம், அவனுக்கும் இவர்களுக்கும் என்ன வித்தியாசம் என்று அவளுக்குத் தோன்றுகிறது. தோன்றினாலும் சுற்றி வருவதை அவள் நிறுத்துவதில்லை.

லா மோட் அழவில்லை, பிரசங்கமும் செய்யவில்லை. வறண்ட, கசந்த நடை. ஆரம்பத்தில் எனக்கு அது இரக்கமில்லாத எழுத்தாகக்கூடப் பட்டது. மென்ஸீஸைப் படித்துவிட்டு மறுபடி எடுத்துப் பார்த்தபோது வேறு மாதிரி இருந்தது. அந்தக் கசப்புத்தான் அவர் தாங்கிக்கொண்ட விதம். கோட்டைக்குள் இருக்கிறவர்கள் பார்க்காமலிருந்து தாங்குகிறார்கள். இவர் பார்த்ததைச் சொல்லித் தாங்கியிருக்கிறார். நர்ஸ்கள் தங்களுக்குள் பேசிக்கொள்கிற கறுப்பு நகைச்சுவையும் இந்த ஜாதிதான். வெளியாள் கேட்டால் திடுக்கிடுவான். அவர்களுக்கோ அது மூச்சு விடுகிற ஜன்னல்.

சொல்ல இடம் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கும் ஓர் உதாரணம் உண்டு. பாஸ்டன் நகரத்து வக்கீல் கென்னத் ஸ்வார்ட்ஸ் 1995இல் நுரையீரல் புற்றுநோயில் இறந்தார். நோய்க்காலத்தில் தம்மைத் தாங்கியது மருந்தைவிட, பராமரித்தவர்களின் சிறு சிறு அன்புகளே என்று எழுதிவைத்துப் போனார். அவர் பெயரால் ஏற்பட்ட ஸ்தாபனம் ஒரு வழக்கத்தைத் தொடங்கியது. டாக்டர்களும் நர்ஸ்களும் மற்ற ஊழியர்களும் அவ்வப்போது ஒரே அறையில் கூடுகிறார்கள். நோய்க்கு என்ன வைத்தியம் என்று பேசுவதில்லை. அந்த நோயாளியால் எனக்கு என்ன ஆயிற்று என்று பேசுகிறார்கள். 2009இல் இங்கிலாந்திலும் இது தொடங்கிற்று. மென்ஸீஸ் கண்ட அந்த இரண்டு பெண்களும், கண்டித்தவளும் அழுதவளும், ஒரே பெஞ்சில் உட்கார முடிகிற அறை அது. இதனால் ஆள் பஞ்சம் தீர்ந்துவிடாது. ஆனால் துக்கத்தைத் தனித்தனியே சுமக்க வேண்டியதில்லை.

எழுதுகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது ஒன்றுதான். இனிமேல் உங்கள் கதையில் ஒரு நர்ஸ் வந்தால், அவளுக்குப் புன்னகையைக் கொடுப்பதற்கு முன்னால் ஒரு பெயர் கொடுங்கள். அவள் வார்டில் எத்தனை படுக்கை, கூட நிற்பவர்கள் எத்தனை பேர், அவள் கடைசியாக எத்தனை மணிக்குச் சாப்பிட்டாள் என்பதைத் தெரிந்துகொண்டு பேனாவை எடுங்கள். அதற்குப் பிறகும் அவள் புன்னகை செய்தால், அதை எழுதலாம்.