நகரத் தலைவரைத் தேர்வது யார்?

மழை பெய்தால் எந்தத் தெருவில் சாக்கடை அடைத்துக்கொள்ளும், எந்தக் குளத்துக்கு எந்த வாய்க்கால் வழியே நீர் வரவேண்டும், சந்தைக் கடைகளின் குத்தகையில் யாருக்கு எவ்வளவு பாத்தியதை என்பதையெல்லாம் நடந்து நடந்தே அறிந்து முதிர்ந்த ஒரு ஸ்தலத் தலைவர், மேயர் ஸ்தானத்தை விரும்புவாரானால், அவர் நகரத்து ஜனங்கள் அனைவரிடமும் சென்று வாக்குக் கேட்பதே நியாயம். யாழ்ப்பாணத்திலோ கும்பகோணத்திலோ அதற்கு இன்று வழியில்லை.

இலங்கையில், 2018 பெப்ரவரி உள்ளூராட்சித் தேர்தல் முதல், சபை உறுப்பினர்களில் 60 சதவீதத்தினர் வட்டாரங்களிலிருந்தும் எஞ்சியோர் விகிதாசாரப் பட்டியலிலிருந்தும் வருகிறார்கள். எந்தக் கட்சிக்கும் சபையில் பாதி பலம் கிட்டாதபோது, முதற்கூட்டத்தில் உறுப்பினர்களே முதல்வரை, அதாவது மேயரை, தேர்ந்தெடுக்கிறார்கள். மாகாண சபையில் அநுபவம் பெற்றுவந்த இமானுவேல் ஆர்னோல்ட், 45 பேர் கொண்ட யாழ். மாநகர சபையில் தம் கட்சிக்கு 16 ஆசனங்களே இருந்தும் முதல்வரானார். ஆனால் 2020 டிசெம்பரில் அவருடைய வரவு செலவுத் திட்டம் இருமுறை தோற்கவே பதவியும் போயிற்று, அதே மாத இறுதியில் மணிவண்ணன் ஒரே வாக்கு வித்தியாசத்தில் அவ்விடத்துக்கு வந்தார். நகரத்தின் கணக்கைச் சபை நிராகரிக்கலாம் என்பது ஜனநாயகத்துக்கு உகந்த தடையே. எனினும் நகரை அறிந்தவரின் சாமர்த்தியமெல்லாம் சபைக்குள் ஆள்சேர்ப்பதிலேயே விரயமாவது எனக்கு மிகுந்த வருத்தமளிக்கிறது.

ஆயினும் அங்கே, பதவியில் உள்ளவரை, முதல்வரே சட்டப்படி பிரதான நிறைவேற்று அதிகாரி. ஆணையாளர், அதாவது கமிஷனர், அவருக்குக் கீழ்ப்பட்டவர்.

தமிழ்நாட்டில் அதுவும் இல்லை. நிர்வாக அதிகாரம் அரசு அனுப்பும் கமிஷனரிடம் இருக்க, மேயர் மாமன்றத்துக்குத் தலைமை வகிக்கிறார். 1996, 2001, 2011 ஆகிய தேர்தல்களில் வாக்காளர்கள் கவுன்சிலருக்கு ஒரு வாக்கும் மேயருக்குத் தனியே ஒரு வாக்கும் அளித்தார்கள். பின்னர் சட்டம் முன்னும் பின்னும் திருத்தப்பட்டு, 2019இன் அவசரச் சட்டத்தால் மறைமுகத் தேர்தலே நிலைத்தது. அம்முறைப்படி, 2021இல் மாநகராட்சியான கும்பகோணத்தில், 48 வார்டுகளில் சொற்ப இடங்களே வென்ற காங்கிரஸுக்குக் கூட்டணிப் பங்கீட்டில் மேயர் பதவி ஒதுக்கப்பட, ஆட்டோ ஓட்டிப் பிழைத்த நெடுநாள் தொண்டர் சரவணன் 2022 மார்ச்சில் மேயரானார். உழைப்பாளி ஒருவர் அந்நாற்காலியில் அமர்ந்ததைக் கண்டு மகிழ்ந்தவர்களில் நானும் ஒருவன்; அம்மகிழ்ச்சியை அவருடைய வார்டு நீங்கலாக மற்ற 47 வார்டுகளின் ஜனங்களும் தம் வாக்கால் தாமே உண்டாக்கியிருக்கலாமே என்பதுதான் என் ஆதங்கம்.

1996இல் தமிழ்நாட்டு வாக்காளர் பெற்ற அந்தத் தனி வாக்கும், யாழ்ப்பாண முதல்வருக்குச் சட்டம் தந்துள்ள நிர்வாக அதிகாரமும் ஓரிடத்தில் சேரவேண்டும் என்பதே என் துணிபு. கும்பகோணத்தின் இப்போதைய மாமன்றத்தின் ஐந்தாண்டுக் காலம் 2027இல் முடிகிறது. மறு ஆண்டு அங்கே மகாமகம். லக்ஷக்கணக்கான ஜனங்கள் வந்து நீராடும் மகாமகக் குளத்தின் தண்ணீருக்கும் சுற்றுவீதிகளின் சுகாதாரத்துக்கும் பொறுப்பேற்கவேண்டிய மேயரை அந்நகரத்தார் நேரே தேர்ந்தெடுக்கும்படி, சட்டத்தைத் திருத்த அரசுக்கு இன்னும் அவகாசமிருக்கிறது.