பகிடிக்குச் சொன்னது

எழுவைதீவு போன்ற சிறு தீவில் ஒருவரோடொருவர் நெடுநாள் கோபித்துக்கொண்டு இருக்க முடியாது. ஊர்காவற்றுறைக்குப் போகவும் வரவும் அதே படகு. கலியாண வீட்டிலும் செத்த வீட்டிலும் கோயில் திருவிழாவிலும் அதே முகங்கள். அங்கே ஒருவரின் குறையை நேரே சொன்னால் பகையாகும். சொல்லாமல் விட்டால் உள்ளே புழுங்கும். இந்த இரண்டுக்கும் நடுவே யாழ்ப்பாணத்துத் தமிழர் வளர்த்தெடுத்த வழிதான் பகிடி. அதன் நன்மைகளை நாம் போதுமான அளவு கொண்டாடிவிட்டோம். அதன் தீமைகளை அதே நிதானத்தோடு எடைபோட்டதில்லை.

முதலில் நன்மை. படகுக்குப் பிந்தி ஓடிவரும் இளைஞனைப் பார்த்து மூத்தவர் ஒருவர், "ஆறுதலா வா தம்பி, கடல் எங்கையும் போகாது" என்பார். "கடல் நிக்கும் அண்ணை, நீங்கள் விடுற கதையைக் கேக்க ஆள் வேணுமெண்டுதான் ஓடி வாறன்" என்று பதில் வரும். படகில் இருப்பவர்கள் எல்லோரும் சிரிப்பார்கள். பிந்தியவனுக்குக் கண்டிப்புக் கிடைத்துவிட்டது. மூத்தவரின் வாய்க்கும் ஒரு குட்டு விழுந்துவிட்டது. வயதுக்குரிய மரியாதை குலையவில்லை, இருவருக்கும் மனம் நோகவில்லை. இந்தச் சமநிலையைச் சட்டமோ உபதேசமோ இவ்வளவு சுலபமாக உண்டாக்காது.

இதைத் தமிழ் இலக்கணம் எப்போதோ கவனித்திருக்கிறது. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் எட்டு மெய்ப்பாடுகளில் நகையை முதலில் வைக்கிறது. எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்னும் நான்கிலிருந்து நகை பிறக்கும் என்கிறது. உரைகாரரான பேராசிரியர் எள்ளலை இரண்டாகப் பிரிக்கிறார்: பிறரைத் தான் எள்ளி நகுவது ஒன்று, பிறர் தன்னை எள்ளும்போது தானும் நகுவது மற்றொன்று. படகில் நடந்தது இரண்டும் சேர்ந்த எள்ளல். எள்ளப்பட்டவன் சிரித்தான், திருப்பியும் எள்ளினான்.

நமது நகைச்சுவைப் படைப்புகளில் சிறந்தவை இந்த வழியில் வந்தவையே. பேராசிரியர் க. கணபதிப்பிள்ளையின் 'நானாடகம்' 1940இல் நூலாக வந்தது. அதிலுள்ள 'உடையார் மிடுக்கு' அந்நியர் ஆட்சியில் அதிகாரம் பெற்ற உடையாரின் தோரணையை யாழ்ப்பாணப் பேச்சுமொழியிலேயே சிரிப்புக்கு இடமாக்கியது. சிவஞானசுந்தரம் 1960களில் தொடங்கி நடத்திய 'சிரித்திரன்' இதழில் கேலிச்சித்திரப் பாத்திரங்களான சவாரித்தம்பரும் மெயில்வாகனத்தாரும் ஊர்வாழ்க்கையின் முகங்களாக நின்றார்கள். தாமோதரன் என்ற பெயரை 'டாமோடிரன்' ஆக்கிக்கொண்ட தம்பதி, அதே இதழில் ஆங்கில மோகத்தைத் தோலுரித்தார்கள். கே. எஸ். பாலச்சந்திரனின் 'அண்ணை றைற்' என்ற தனிநடிப்பில் பஸ் கொண்டக்டரும் சிரிப்புக்கு உரியவர், பயணிகளும் உரியவர்கள். இவற்றில் பகிடி அதிகாரத்தை நோக்கிப் போனது, அல்லது சமமானவர்களுக்கு இடையே நடந்தது. தனக்குக் கீழே இருப்பவனைத் தேடிப் போகவில்லை.

பகிடியின் பலம் எதுவோ, அதன் குறையும் அதுவே. "பகிடிக்குச் சொன்னனான்" என்று ஒருவர் சொல்லிவிட்டால், அவர் சொன்னதற்கு அவர் பொறுப்பில்லை. கசப்பான உண்மையைச் சொல்ல உதவும் இந்த விலக்கு, கொடுமையைச் செய்தவருக்கும் உதவுகிறது. மனம் நொந்தவர் முறையிட்டால் பகிடி விளங்காத ஆள் என்று இன்னொரு பகிடி சேர்கிறது. காயப்பட்டவரே குற்றவாளியாகும் வேறொரு பழக்கம் நம்மிடம் இருப்பதாகத் தெரியவில்லை.

பட்டப்பெயரைப் பாருங்கள். ஒரு மனிதனை ஒரே குணத்துக்குள் அடைப்பது அதன் வேலை. இந்த எண்ணம் பழையது. நகைச்சுவையைக் குறிக்கும் ஹியூமர் என்ற ஆங்கிலச் சொல்லுக்கு இலத்தீனில் ஈரம், திரவம் என்றே பொருள். இரத்தம், சளி, மஞ்சட்பித்தம், கரும்பித்தம் என உடலில் நான்கு திரவங்கள் உண்டென்றும், அவற்றுள் மிகுவது எதுவோ அதுவே மனிதனின் குணம் என்றும் கிரேக்க மருத்துவம் நம்பியது. வாதம், பித்தம், கபம் பேசும் சித்த மருத்துவம் அறிந்த நமக்கு இது அந்நியமான எண்ணம் இல்லை. 1598இல் ஆங்கில நாடகாசிரியர் பென் ஜான்சன் அந்த நம்பிக்கையையே நாடகமாக்கினார். ஒவ்வொரு பாத்திரமும் ஒரே குணத்தின் பிடியில் ஆடும். மேடையில் இரண்டு மணி நேரத்துக்கு அது சிரிப்பு. பட்டப்பெயர் அதையே ஆயுள் முழுக்கச் செய்கிறது. சிறுவயதில் தடுமாறிய ஒரு சொல், ஒரு காலின் ஊனம், ஒரு வறிய வருடம் இவற்றில் ஏதோ ஒன்று பெயராகி ஒட்டிக்கொள்கிறது. பிள்ளைக்கும் அது சொத்தாக இறங்குகிறது. நகரத்தில் தெருவை மாற்றிப் போகலாம். நான்கு பக்கமும் கடல் சூழ்ந்த ஊரில் எங்கே போவது?

தீவார் இதன் மறுபக்கத்தையும் நன்கு அறிவார்கள். குடாநாட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் படிக்கப் போன பிள்ளையைப் பேச்சுக்காகவும் ஊருக்காகவும் 'தீவான்' என்று நக்கலடித்த காலம் உண்டு. அதைச் சொன்ன பிள்ளைகளுக்கு அது வெறும் விளையாட்டு. கேட்ட பிள்ளை வாயைத் திறக்கவே கூசியது. பதில் சொல்ல முடியாத இடத்தில் எள்ளலின் இரண்டாம் பகுதி அறுந்துபோகிறது.

அறுந்த எள்ளல் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு நமது பல்கலைக்கழகங்கள் சாட்சி. புதிய மாணவரைத் துன்புறுத்துவதற்கு இலங்கைத் தமிழில் பகிடிவதை என்று பெயர். 1997இல் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் மாணவர் ஒருவர் அந்த வதையின் பின் உயிரிழந்தார். 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் பகிடிவதையைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியது. சட்டம் வந்த பிறகும் அது ஒழியவில்லை. அடித்தவர்களும் அதை ஆதரித்தவர்களும் சொல்லும் சமாதானம் இன்றைக்கும் ஒன்றுதான்: பகிடிக்குச் செய்தது.

இதற்காகப் பகிடியையே வேண்டாம் என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. பகிடி இல்லாத ஊரில் குறைகள் முறைப்பாடுகளாகவும் மொட்டைக் கடிதங்களாகவும் மாறும். 1924இல் சீன எழுத்தாளர் லின் யூடாங், ஹியூமர் என்ற சொல்லின் ஒலியையே சீனத்துக்கு எடுத்து 'யோமோ' என்று வழங்கினார். குத்தும் நையாண்டியிலிருந்து வேறுபட்ட, பரிவுள்ள சிரிப்பை அவர் அதனால் குறித்தார். நமக்குச் சொல்லைக் கடன்வாங்க வேண்டிய தேவையில்லை. எள்ளியவனும் எள்ளப்பட்டவனும் சேர்ந்து சிரிப்பது படகில் நாள்தோறும் நடக்கிறது.

தேவையானது ஓர் அளவுகோல். எள்ளப்படுபவர் பதில் சொல்லக்கூடியவரா? அவரால் மாற்றிக்கொள்ளக்கூடிய ஒன்றைப் பற்றியா அந்தப் பேச்சு? இரண்டுக்கும் ஆம் என்றால் தாராளமாகப் பகிடி விடலாம். உடல், பிறப்பு, சாதி, வறுமை இவை எவராலும் நினைத்தவுடன் மாற்றிக்கொள்ள முடியாதவை. அவற்றைத் தொடும் பேச்சுக்குப் பகிடி என்ற விலக்கைக் கொடுக்கக் கூடாது. இதை முதலில் செய்ய வேண்டியவர்கள் ஆசிரியர்களும் வீட்டுப் பெரியவர்களுமே. பிள்ளையைப் பட்டப்பெயரால் கூப்பிடுவதை அவர்கள் நிறுத்தட்டும். ஒரு பிள்ளை "எனக்கு நோகுது" என்று சொன்னால், அங்கே பகிடி முடிந்துவிட்டது என்பதைப் பகிடி விட்டவர் ஒப்புக்கொள்ளட்டும். நல்ல பகிடிக்காரருக்கு இதனால் ஒரு நட்டமும் இல்லை.